சின்னப் பள்ளி, பழைய மாணவர்கள், தொலைந்துபோன நம்பர்கள்

2024 ஜூன் 9, கேள்வி

காங்கயம் தாராபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துத் தனியார் பள்ளிங்க. 1983-ல ஆரம்பிச்சது. வருசத்துக்கு 40 பேர் சேருவாங்க, அதுக்கு மேல இல்ல. பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு, 170 பேர். பாதிப் பேர் ரெண்டே செட்டு. ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டா இருபது பேர் வர்றாங்க. படிச்சுட்டுப் போனவங்களுக்குப் பள்ளிக்கூடத்து மேல அக்கறையே இல்லைன்னு தோணுது. என்ன பண்றதுங்க?

ஜூன் 9, இரவு

அக்கறை இல்லை என்று முடிவுகட்டும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். 41 வருடம், வருடத்துக்கு 40 சேர்க்கை. ஏறக்குறைய 1,640 பேர். குரூப்பில் 170. மீதி 1,470 பேரை நீங்கள் இன்னும் கூப்பிடவே இல்லை. கூப்பிடாதவரின் அக்கறையை எப்படி அளப்பது?

முதல் வேலை குரூப் அல்ல, பட்டியல். பட்டியல் உங்கள் ஆபீஸ் பீரோவிலேயே இருக்கிறது: சேர்க்கைப் பதிவேடு. சேர்க்கை எண், பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஊர், எந்த வகுப்பில் சேர்ந்தார், எந்த வகுப்பில் டி.சி. வாங்கினார் எல்லாம் அதில் உண்டு. டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் செல்லரித்த இடம் இருந்தால் அடிக்கட்டை கைகொடுக்கும்.

பதிவேட்டைப் பிரித்து ஸ்கேனரில் வைக்காதீர்கள், தைத்த முதுகு விட்டுவிடும். ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், மேஜையில் விரித்து வைத்து, மேலிருந்து போனில் படம் எடுத்தால் போதும். பிளாஷ் வேண்டாம், பழைய ஊதா மை வெளுத்துத் தெரியும். படத்தின் பெயரில் ஆண்டும் எண்ணும் இருக்கட்டும்: 1987, 0412 முதல் 0431 வரை என்பது போல. கிழிந்த தாளுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் டேப் பழுத்து, எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

பிறகு எக்செலில் ஏற்றுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் 1,640 வரிக்கு 27 மணி நேரம்.

ஜூன் 10

நிமிடத்துக்கு ஒரு வரி என்று எழுதியது தவறு. அச்சுப்போல எழுதிய பக்கத்துக்குத்தான் அது பொருந்தும். எண்பதுகளின் பதிவேட்டில் முன்னெழுத்து சுழியா, கொம்பா என்று பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். மணிக்கு 40 வரி என்று வையுங்கள், 41 மணி நேரம் ஆகும். ஒருவர் வாசிக்க, ஒருவர் தட்டுவதே சரி. தனியாகச் செய்தால் வரி தாண்டும். ஒரு வரி தாண்டினால் அதற்குக் கீழே எல்லோருடைய தகப்பனும் மாறிப்போவார்.

போன் நம்பர் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். 91 சேர்த்து 12 இலக்கம் அடித்தால் எக்செல் அதை 9.19 என்று சுருக்கிக் காட்டும். 0424 என்று தொடங்கும் ஈரோட்டு லேண்ட்லைனில் முன் பூஜ்யம் காணாமல் போகும்.

முன்பே யாரோ தட்டிவைத்த கோப்பு இருந்து, திறந்தால் எழுத்து கோணல்மாணலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவாக இருக்கும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒற்றெழுத்தையும் 'ஸ்ரீ'யையும் மட்டும் கண்ணால் ஒரு முறை சரிபாருங்கள்.

ஜூன் 12

கேட்டவர் இன்று எழுதியது: "பத்தாவது முடிச்சவங்க மட்டும் ஏத்துனாப் போதுங்களா? பாதிப் பேர் எட்டாவதோட வேற பள்ளிக்கூடம் போயிட்டாங்க."

போதவே போதாது. நம் பக்கத்துச் சின்னப் பள்ளிகளில் பாதியில் போனவர்களே அதிகம். அஞ்சாவதோடு டவுன் பள்ளிக்கு, எட்டாவதோடு பஸ் வசதியுள்ள பள்ளிக்கு, பத்தாவதோடு நாமக்கல் ஹாஸ்டலுக்கு. பிளஸ் டூ எந்தப் பள்ளியில் எழுதினாரோ அந்தப் பள்ளி அவரைத் தன் மாணவர் என்று பிளக்ஸ் வைக்கும். ஆனால் அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த டீச்சர் உங்கள் பள்ளியில் இருந்தார். ஒன்று முதல் அஞ்சு வரை படித்தவர்தான் பள்ளியை 'எங்க பள்ளிக்கூடம்' என்று சொல்லுவார். மார்க்குக்காக இரண்டு வருடம் தங்கிய இடத்தை அப்படிச் சொல்லுகிறவர் குறைவு.

அதனால் செட்டு என்பதை முடித்த ஆண்டை வைத்துப் பிரிக்காதீர்கள். 'பத்தாவது முடித்திருக்க வேண்டிய ஆண்டு' என்று ஒரு பத்தி வையுங்கள். 1990-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர் 2000 ஏப்ரலில் பத்தாவது முடிக்க வேண்டியவர். நடுவில் எப்போது போனாலும் அவர் 2000 செட்டுதான். ஃபெயிலாகி ஒரு வருடம் பின்தங்கியவரை மட்டும் அவர் எந்தச் செட்டோடு பழகினாரோ அங்கே விடுங்கள், அவரையே கேட்டு.

ஜூன் 15

இது நீளமாக வரும். பெண்களைப் பற்றி.

உங்கள் 170 பேர் குரூப்பில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பாருங்கள். பதிவேட்டில் ஏறக்குறைய பாதி அவர்கள். குரூப்பில் அப்படி இருக்காது. எந்த ஊர்ப் பட்டியலிலும் நடப்பது இது. அவர்கள் விலகிப்போகவில்லை, தேடுகிற முறைதான் அவர்களை விட்டுவிடுகிறது.

முதல் காரணம் முன்னெழுத்து. பள்ளியில் 'பி. கவிதா'. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதலெழுத்து வந்து 'எஸ். கவிதா' அல்லது 'கவிதா செந்தில்'. பேஸ்புக்கில் குழந்தை பெயரைச் சேர்த்து வைத்திருப்பார். முன்னெழுத்தை வைத்துத் தேடினால் கிடைக்கவே மாட்டார். இரண்டாவது, வீட்டுப் பேர். பதிவேட்டில் 'நாகரத்தினம்', ஊரில் 'ரத்னா'. அதனால் பெயருக்கு மூன்று பத்தி வேண்டும்: பதிவேட்டுப் பெயர் (முன்னெழுத்தோடு), வீட்டுப் பேர், இப்போதைய பெயர். தகப்பன் பெயர் நாலாவது. அந்த நாலாவதுதான் சாவி.

ஏனென்றால் பெண்ணைத் தேடும் வழி பிறந்த வீடு. பதிவேட்டில் இருக்கும் ஊரில் தகப்பனோ அண்ணன் தம்பியோ இன்னும் இருப்பார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் நேரில் போய், "இந்தத் தோட்டத்து வீட்டுப் பொண்ணு எங்க கட்டிக் குடுத்துருக்குதுங்க, பள்ளிக்கூடத்துலருந்து கேக்கறாங்க" என்றால் பேச்சு ஓடும். போகிறவர் பெண்ணாக இருந்தால் நல்லது. பழைய டீச்சர் என்றால் காபி குடிக்காமல் வெளியே வர முடியாது.

போனில் கூப்பிடுவதானால் நேரடியாகப் பெண்ணின் நம்பரைக் கேட்காதீர்கள். பள்ளியின் நம்பரைக் கொடுத்து, "அவங்ககிட்டக் குடுங்க, அவங்களே கூப்புடட்டும்" என்று சொல்லுங்கள். நம்பர் தருவதா வேண்டாமா என்ற முடிவு அவருடையது.

எப்போது? ஆடி 18-ஐ ஒட்டிய நாட்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் ஆடி நோம்பிக்குப் பிறந்த வீட்டுக்கு வருவார்கள். அடுத்தது ஊர் மாரியம்மன் நோம்பி. பொங்கலுக்கும் வருவார்கள். ஆனால் பட்டிப் பொங்கல், பூப்பறிக்கிற நோம்பி என்று நாலு நாளும் வீட்டில் வேலை நிறைந்திருக்கும், பேச நேரம் இருக்காது.

ஜூன் 16

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர், பதிவேட்டில் 'பெரியார் மாவட்டம்' என்று இருப்பதை எப்படி எழுதுவது என்கிறார். 1979-ல் கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பிரித்து பெரியார் மாவட்டம் வந்தது. பிறகு அதன் பெயர் ஈரோடு. 2009-ல் திருப்பூர் மாவட்டம் வந்தபோது காங்கயமும் தாராபுரமும் அதற்குப் போயின. ஆக, ஒரே காங்கயத்துக்காரரின் விலாசம் அவர் சேர்ந்த ஆண்டைப் பொறுத்து பெரியார், ஈரோடு, திருப்பூர் என்று மூன்று மாவட்டப் பெயரில் இருக்கலாம். மாவட்டத்தை நம்பாமல் தாலூகாவையும் பின்கோடையும் வையுங்கள். ஊர்ப் பெயரும் ஏமாற்றும். புதுப்பாளையம், புதூர் எல்லாம் தாலூகாவுக்குத் தாலூகா உண்டு. 'மேக்காலத் தோட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தால் பள்ளி வேன் பழைய டிரைவரைக் கேளுங்கள். எந்தத் தோட்டத்து முனையில் எந்தப் பிள்ளை ஏறும் என்பது பதிவேட்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பழைய லேண்ட்லைன் நம்பர் இருந்தால் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். ஓர் இலக்கம் குறைவாக இருந்தால் கோடுக்கு அடுத்து 2 சேர்த்து அடியுங்கள். பி.எஸ்.என்.எல். அப்படித்தான் நம்பரை நீட்டியது. பெரும்பாலும் மணியடிக்காது. அடித்தால் எடுப்பது அவர் அம்மாவாக இருக்கும், அதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

ஜூன் 20

வாட்ஸ்அப். எல்லோரையும் ஒரே குரூப்பில் போடாதீர்கள். குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காகச் சேர்க்க வேண்டியதில்லை. 1988 செட்டுக்காரருக்கு 2015 செட்டின் கல்யாணப் பத்திரிகை வேண்டாம். முப்பது பேர் பேசினால் மீதிப் பேர் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். அணைத்த குரூப்பில் நீங்கள் போடும் அழைப்பும் சேர்ந்து புதைந்துவிடும்.

செட்டுக்கு ஒரு குரூப், அதை அவர்களே நடத்தட்டும். செட்டுக்கு ஒரு பொறுப்பாளர். பள்ளி அறிவிப்பைப் பிராட்காஸ்ட் லிஸ்டில் (ஒரே செய்தி பலருக்கும் தனித்தனியாகப் போகும் வசதி) அனுப்புங்கள், ஒரு லிஸ்டில் 256 பேர்.

பள்ளிக்கென்று தனி சிம் வாங்குங்கள். கிளார்க்கின் சொந்த நம்பரில் குரூப் இருந்து, அவர் வேலையோடு குரூப்பையும் விட்டுப் போனால், வாட்ஸ்அப் தானாக யாரோ ஒருவரை அட்மின் ஆக்கும். குரூப்புக்கு இரண்டு அட்மின் கட்டாயம். சிம்முக்கு ரீசார்ஜ் தேதியை ஆபீஸ் காலண்டரில் எழுதுங்கள். 90 நாள் பயன்பாடில்லாத நம்பரை நிறுத்திவிடலாம், பிறகு அது வேறொருவர் கைக்குப் போகும். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் திறக்காமல் கிடந்தால் அழிந்துபோகும்.

ஜூன் 21

மேலே இரண்டு திருத்தம்.

பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். மற்றவருக்குப் போகாது, போகவில்லை என்ற தகவலும் உங்களுக்கு வராது. ஆகவே முதலில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு செய்தி, கூடவே பள்ளி நம்பரின் காண்டாக்ட். "சேமித்துவிட்டு, சேமித்தேன் என்று ஒரு வரி பதில் போடுங்கள்" என்று கேளுங்கள். பதில் போட்டவரை மட்டும் லிஸ்டில் ஏற்றுங்கள். புது சிம்மிலிருந்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவருக்கு ஒரே செய்தியை அனுப்பினால் கணக்கை முடக்கிவிடுவார்கள். நாளுக்கு இருபது, முப்பது என்று போகட்டும்.

இரண்டாவது, செட்டுக்கு ஒரு பொறுப்பாளர் போதாது. இரண்டு பேர். ஒருவர் பெண். இருவரில் ஒருவராவது உள்ளூரில் இருப்பவர். அமெரிக்காவில் இருப்பவருக்கு ஆர்வம் அதிகம் இருக்கும், ராத்திரியெல்லாம் பட்டியல் போடுவார். ஆனால் ஒரு எழவு வீட்டுக்கு அவரால் போக முடியாது. செட்டு சேர்ந்து நிற்பது நல்லது கெட்டதில்தான். கூடப் படித்தவரின் அப்பா தவறினால் நாலு பேர் போய் நிற்பது, அந்தக் குரூப்பில் ஒரு வருடம் வந்த காலை வணக்கத்தைவிடப் பெரிய பிடிமானம்.

ஜூலை 2

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர்: "தேடிப் போறது சரிங்க. தானா வர்றவங்களை என்ன பண்றது?"

நல்ல கேள்வி, இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பழைய மாணவர் பள்ளிக்குத் தானாக வரும் ஒரே இடம் ஆபீஸ் ஜன்னல். தொலைந்த டி.சி.க்கு நகல், உண்மைத்தன்மைச் சான்று, பிறந்த தேதிச் சான்று. தமிழ்வழிப் பள்ளியாக இருந்தால் அரசுப் பணிக்கான தமிழ்வழிக் கல்விச் சான்று. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் அதைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்றார்கள். அதனால் மூணாவதோடு போனவரும் இப்போது உங்கள் ஜன்னலுக்கு வந்தாக வேண்டும்.

அந்த நேரத்தில் அவரை எப்படி நடத்துகிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. "ஹெச்.எம். இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று மூன்று முறை திருப்பி அனுப்பியவரை விழாவுக்குக் கூப்பிட்டால் ஏன் வருவார்? கோயம்புத்தூரிலிருந்து லீவு போட்டு இரண்டு பஸ் மாறி வந்திருப்பார். கடைசித் தேதி நாளையாக இருக்கும்.

செய்ய வேண்டியது: போனில் சேர்க்கை எண்ணையோ பெயர், ஆண்டையோ வாங்கிக்கொண்டு, பதிவேட்டுப் பக்கத்தை முன்பே எடுத்து வையுங்கள். (படம் எடுத்து வைத்ததற்கு இங்கே பலன்.) சான்றின் படிவத்தைக் காலியாக அச்சிட்டு வையுங்கள். ஹெச்.எம். எந்த நாள் எந்த நேரம் இருப்பார் என்று சொல்லிவிட்டு அந்த நேரத்தில் இருங்கள். சான்றைக் கையில் கொடுத்த பிறகு, கொடுக்கும் முன் அல்ல, "உங்க நம்பர் பழைய மாணவர் பட்டியல்ல போட்டுக்கலாமுங்களா" என்று கேளுங்கள். முன்னால் கேட்டால் சான்றுக்கு அது கட்டணம் போல ஆகிவிடும்.

ஜூலை 14

கூட்டம் எந்தத் தேதியில் வைப்பது என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

முகூர்த்த ஞாயிறு கூடவே கூடாது. வைகாசி, ஆவணி, தை ஞாயிறுகளில் ஆளுக்கு இரண்டு கல்யாணம் இருக்கும், மொய் எழுதாமல் உங்கள் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், வரவும் கூடாது. சனிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவருக்கு அது சம்பளம் போடும் நேரம். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பழனிக்கு நடக்கிறவர்கள் ரோட்டில் இருப்பார்கள்.

மிஞ்சுவது ஆடியும் மார்கழியும். இரண்டிலும் கல்யாணம் கிடையாது. மார்கழியில், டிசம்பர் கடைசி ஞாயிறு, என் கணக்கில் எல்லாவற்றிலும் நல்லது. பள்ளிக்கு அரையாண்டு லீவு, வகுப்பறை காலி. சிங்கப்பூர், ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் அப்போதுதான் நீண்ட விடுமுறை. இந்த வருடம் டிசம்பர் 29. அமெரிக்கா, வளைகுடாக்காரர்கள் ஜூலையில்தான் வருவார்கள், அவர்களுக்காகத் தேதியை நகர்த்தாதீர்கள், வரும்போது செட்டு அளவில் பார்த்துக்கொள்ளட்டும்.

இடம் பள்ளியே. டவுன் மண்டபமோ ரிசார்ட்டோ வைத்தால் வாடகைக்கு வசூல், வசூலுக்குப் பயந்து சிலர் வர மாட்டார்கள். நன்றாகச் சம்பாதிக்காதவர்தான் முதலில் நின்றுபோவார், வெளியே காரணம் சொல்ல மாட்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து காலை ஒன்பதரைக்கு ஒரு பள்ளி வேன், மூன்று மணிக்குத் திரும்ப ஒரு வேன். மூன்று மணிக்கு முடியும் என்று அழைப்பிலேயே போடுங்கள். பெண்கள் வருவதா என்று தீர்மானிப்பது அந்த ஒரு வரியில்தான். பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்று எழுதுங்கள்.

ஜூலை 15

சாப்பாடு: மார்கழியில் மலைக்கு மாலை போட்டவர் நிறையப் பேர், ஆகவே சைவம். நம் ஊருக்கு அரிசியும் பருப்பு சாதம் போதும், நெய்யும் தயிரும் கத்தரிக்காய்ப் பொரியலும் இருந்தால். 100 பேருக்கு அரிசி 9 கிலோ, துவரம்பருப்பு இரண்டேகால் கிலோ, சின்ன வெங்காயம் 3 கிலோ. இனிப்புக்கு ஒப்பிட்டு என்கிற போளி, ஆளுக்கு இரண்டு. மேடையில் பொன்னாடை கிடையாது என்று சொல்லிவிட்டால் ஒரு மணி நேரம் மிச்சமாகும். அந்த ஒரு மணி நேரமும் வகுப்பறையில் பழைய பெஞ்சில் உட்கார்ந்து பேசட்டும். வந்ததே அதற்குத்தான்.

ஆகஸ்ட் 6

கேட்டவர்: "ஆடி 18-க்கு நாலு ஊர் போனோமுங்க. ஆளு கெடைக்கறாங்க. ஆனா குரூப்புல போட்டுறாதீங்கன்னு பாதிப் பேர் சொல்றாங்க."

சரியாகத்தான் சொல்கிறார்கள். குரூப்பில் போட்டால் நம்பர் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் ராத்திரி பத்து மணிக்கு 'ஹாய்' அனுப்புவார். இன்சூரன்ஸ், மனை, சங்கிலித் தொழில் எல்லாம் கூடப் படித்தவன் என்ற உரிமையில்தான் நுழைகிறது. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் 2012-ல் கவிழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள், பழக்கத்தை நம்பிப் பணம் போட்டவர்கள் எத்தனை பேர்.

பட்டியலில் 'சம்மதம்' என்று ஒரு பத்தி, அதில் மூன்று வகை: பள்ளி மட்டும் வைத்திருக்கலாம், என் செட்டுக்குத் தரலாம், யாருக்கும் தரலாம். கேட்ட தேதியும் பக்கத்தில். யாராவது "இன்னாரோட நம்பர் வேணும்" என்றால் நம்பர் தராதீர்கள். கேட்டவரின் நம்பரை அவரிடம் அனுப்பி, "இவர் கேக்கறார், விருப்பமிருந்தா நீங்களே கூப்புடுங்க" என்று சொல்லுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது. அதற்கு முன்பிருந்தே இது மரியாதை.

குரூப் விதி இரண்டு போதும்: முதலீட்டு அழைப்பு கிடையாது, கட்சி கிடையாது. ஏப்ரல் தேர்தலில் எத்தனை செட்டுக் குரூப் இரண்டானது என்று அவரவர் போனிலேயே பார்க்கலாம்.

இன்னொன்று, பிறந்தநாள் வாழ்த்து. பதிவேட்டுத் தேதியை வைத்து அனுப்ப வேண்டாம். அந்தக் காலத்தில் வயது பொருந்துவதற்காக மே, ஜூன் என்று போட்டுச் சேர்த்த பிள்ளைகள் ஏராளம். அன்று வாழ்த்து வந்தால் அவருக்கு அது யாருடைய பிறந்தநாளோ.

செப்டம்பர் 18

பணம். இதைக் கடைசியில் எழுதக் காரணம் உண்டு. முதல் செய்தியிலேயே கட்டட நிதி கேட்ட பள்ளியின் நம்பரைப் பிறகு யாரும் எடுப்பதில்லை. பட்டியல் சேர்ந்து ஒரு கூட்டமாவது நடந்தபின் கேளுங்கள். 'வளர்ச்சி நிதி' என்று கேட்காமல், ஆய்வகத்துக்கு ஆறு மைக்ராஸ்கோப், இன்ன விலை, இன்ன கடைக் கொட்டேஷன் என்று கேளுங்கள்.

பள்ளியை நடத்தும் டிரஸ்டுக்கு 80ஜி (நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரிக் கழிவு தரும் பிரிவு) இருந்தால்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, வங்கி வழியே வாங்குங்கள். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் 10பிடி என்ற நன்கொடை விவரப் படிவத்தைத் தாக்கல் செய்து, கொடுத்தவருக்கு 10பிஇ சான்று தர வேண்டும், அதற்கு பான் நம்பர் பணம் வாங்கும்போதே வேண்டும். புதிய வரி முறைக்குப் போனவருக்கு 80ஜி கழிவே இல்லை, அதை முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

வெளிநாட்டுப் பணத்தில்தான் சின்னப் பள்ளிகள் மாட்டிக்கொள்கின்றன. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயில் சம்பாதித்துத் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே செட்டுக்காரர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத டிரஸ்ட் அதில் ஆயிரம் ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். நண்பர் கணக்கு வழியாகச் சுற்றி அனுப்பச் சொல்வதும் அதே சிக்கலில்தான் கொண்டுபோய் விடும். ஆகவே பட்டியலில் 'எந்த நாட்டுப் பாஸ்போர்ட்' என்ற பத்தியும் வேண்டும், பணம் தர முன்வருபவருக்கு மட்டும்.

அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி'யில் சேரலாமா என்று பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் கேட்டார். அது 2022-ல் அரசுப் பள்ளிகளுக்காக வந்தது. நமக்கில்லை.

பிள்ளையின் சேர்க்கைக்கு விண்ணப்பித்திருக்கும் பழைய மாணவரிடம் அந்த வருடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள், அவரே நீட்டினாலும்.

அக்டோபர் 27

பட்டியல், குரூப், தேதி என்று எழுதிக்கொண்டே போனதில் ஆசிரியர்களை விட்டுவிட்டேன். இழை முழுக்க எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

பழைய மாணவர் திரும்பி வருவது கட்டடத்தைப் பார்க்க அல்ல. டீச்சர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் சின்னத் தனியார் பள்ளியில் இருபது, முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவருக்கு அரசுப் பள்ளி ஆசிரியருக்குப் போல ஓய்வூதியம் கிடையாது. வருங்கால வைப்புநிதிச் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம். பத்துப் பேர் வேலை பார்த்த பள்ளியில் அதுவும் இருந்திருக்காது. அதில் சேர்ந்து பத்து வருடம் முடித்தவருக்கு 2014 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். ஆயிரம் ரூபாயில் பிரஷர் மாத்திரை வாங்கலாம்.

ஆகவே மாணவர் பட்டியலுக்குப் பக்கத்தில் ஆசிரியர் பட்டியல். ஆயா, டிரைவர், வாட்ச்மேன் எல்லோரும் அதில். பெயர், இருந்த ஆண்டுகள், இப்போது எங்கே, யாரோடு இருக்கிறார், நடமாட்டம் எப்படி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உள்ளூரில் இருக்கும் ஒரு செட்டு போய்ப் பார்த்து வரட்டும், முறை வைத்து.

போகும்போது பொன்னாடையும் போட்டோவும் வேண்டாம். உதவி செய்த படத்தைக் குரூப்பில் போட்டால் அந்த டீச்சர் அடுத்த முறை கதவைத் திறக்கச் சங்கடப்படுவார். பணம் கொடுப்பதானால் குரூப்பில் வசூல் பட்டியல் ஓட்டாமல், அவர் சம்மதத்தோடு நேராக அவர் வங்கிக் கணக்குக்கு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கணக்காகும். வேறு வருமானம் இல்லாதவருக்குப் பெரும்பாலும் வரி வராது, ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

பணத்தைவிடப் பெரிய உதவி காகித வேலை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். இவர்களில் பலர் அதற்குள்தான் வருவார்கள், அட்டை எடுத்திருக்க மாட்டார்கள். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு, டீச்சரைக் காரில் கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குக் கூட்டிப் போய் வர ஒரு பழைய மாணவருக்கு ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளைக் கேளுங்கள், யாராவது கட்டாயம் தருவார்.

டிசம்பர் 11

கூட்டத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. குரூப் போட்டோக்களை எடுங்கள். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே, கொஞ்சம் சாய்வாக, பிரதிபலிப்பு விழாமல் படம் எடுங்கள். தனித் தாளாக இருந்தால் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன். பெரிதாக அச்சிட்டு, தலைக்கு மேல் எண் போட்டு, பக்கத்தில் எண்ணிட்ட காலித் தாளும் பேனாவும் கட்டித் தொங்கவிடுங்கள். பெயரை அவர்களே நிரப்புவார்கள். பதிவேட்டில் விட்டுப்போன வீட்டுப் பேர் எல்லாம் அன்றைக்கு வந்து சேரும்.

2025 ஜனவரி 5

கேட்டவர்: "நல்லா நடந்துச்சுங்க. மூணு செட்டுப் பொம்பளப் புள்ளைங்க வேன் நிறைய வந்தாங்க. இறந்துபோனவங்க பேரை லிஸ்ட்டுல அழிச்சுறலாமுங்களா?"

அழிக்க வேண்டாம். வரி அப்படியே இருக்கட்டும். 'காலமானார்' என்று ஒரு பத்தி, ஆண்டு தெரிந்தால் ஆண்டு. போன் பத்தியை மட்டும் காலி செய்யுங்கள், அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமாவது இருக்கலாம், அல்லது அவர் மனைவி வைத்திருக்கலாம். தவறியவர் பெயருக்கு அழைப்பு போனால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அவருடைய செட்டுக் கூட்டம் நடக்கும்போது அவர் வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் வரக்கூடும்.

நம்பரைக் கடைசியாக 'உறுதிசெய்த தேதி' என்றும் ஒரு பத்தி வையுங்கள். அதில் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருப்பவரை மட்டும் ஆடியில் ஒரு முறை கூப்பிட்டால் போதும், எல்லோரையும் அல்ல. பட்டியலை ஒரு முறை அச்சிட்டுப் பதிவேட்டோடு பீரோவில் வையுங்கள்.

ஜூனில் புதுச் சேர்க்கை வருமே. அந்தப் படிவத்தில் பெற்றோர் நம்பருக்குக் கீழே தாத்தா பாட்டி அல்லது மாமா வீட்டு நம்பர் ஒன்றையும் கேட்டு எழுதுங்கள், பிள்ளையின் வீட்டுப் பேரையும்.